இடுப்புயரத்தில் எடுத்த படங்கள்

மாத்தளை கடைவீதியில் நின்று கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் போதும், வீதியே விறைத்துப் போய்விடும். மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுவார். ஒரு தாய் விரலில் எச்சில் தொட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் துடைப்பாள். பிறகு எல்லோரும் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற முகத்தோடு, சிரிக்காமல், மூச்சும் விடாமல் நம்மைப் பார்ப்பார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று இதில் எந்தப் பேதமும் கிடையாது. இருபது வருடத்துக்கும் மேலாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்த என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்குச் சோறு போட்டதும் அந்த விறைப்புத்தான் என்று நான் பதிலுக்குச் சொல்வேன்.

நான் படம் எடுக்கப் பிறந்தவள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, டவுனுக்கு வாக்கப்பட்டு வந்து, ஒரு மொண்டிசோரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறவள். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். என் குரல் கொஞ்சம் பெரியது. கோபம் வரவும் எனக்கு அதிக நேரம் தேவையில்லை. பிள்ளைகள் என்னைக் கண்டு பயப்படுவதில்லை, பெற்றோர்கள்தான் பயப்படுவார்கள்.

என் கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கலேவெலவில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய், காலையிலிருந்து மாலைவரை நின்று படம் எடுத்துவிட்டு, வலது குதிகாலில் ஒரு கொப்புளத்தோடு வந்தார். கல்யாண சீசன். இன்னும் இரண்டு கல்யாணம், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றார். நான் கத்தினேன். கத்தியதோடு நின்றுவிட்டேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் குற்ற உணர்வு எனக்கு இப்போதும் உண்டு. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதன் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. யாரோ புண்ணியவான் கொடுத்த சக்கர நாற்காலியில், முன்னறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வருகிறவர்களின் குரல் கேட்டவுடனே கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிப்பார். மாமா பெரியப்பா உறவில் ஒரு கூட்டமே தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தூங்குகிறவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஏன் இப்படி என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"இந்த ஊர்ல எல்லாரையும் நான்தான் பார்த்துப் பார்த்து நிக்க வச்சேன். இப்ப அவங்க என்னைப் பார்க்கணுமா?" என்றார்.

கிளினிக்கிலிருந்து புண் கட்ட வீட்டுக்கு வந்த நர்ஸ் மிஸ் எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தார். புண் ஆறிவிட்டது, செயற்கைக் கால் போடலாம். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். இறுகிவிட்டால் பிறகு எந்தக் காலும் போட முடியாது. கால் அளவெடுக்கும் முகாம் சில மாதங்களுக்கு ஒரு முறை டவுனில் ஒரு மண்டபத்தில் நடக்கும். எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த நாற்காலி மடிக்க முடியாத ரகம், த்ரீவீலருக்குள் ஏறாது. அதில் உட்கார்ந்து கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு முகாம் வந்து போனது. இரண்டு தடவையும் அவருக்குக் காலையிலேயே தலைவலி வந்தது.

நான் அவர் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் தூங்கும்போது நீட்டிவிடுவேன், விடிவதற்குள் மடங்கியிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்து சோறு போடும்போது, திடீரென்று, "கடைவீதியில என்ன நடக்குது?" என்று கேட்டார். மாதக்கணக்கில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. என் புத்திக்கு, "என்ன நடக்கும், எப்பவும் நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

"நீ கண்ணை மூடிக்கிட்டுத்தான் போய் வர்ற."

எனக்குச் சுர்ரென்று வந்தது. காலையில் எழுந்து சமைத்து, அவருக்கு மருந்து கொடுத்து, முப்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? கரண்டியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து அவருடைய கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "இருங்க, உங்க கடைவீதியைப் படம் பிடிச்சுக் கொண்டுவந்து காட்டுறேன்" என்று செருப்பை மாட்டினேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீராப்பு கடைவீதி முனைவரைக்கும்தான். அங்கே போனதும் கை கூசியது. பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள். கேமராவைத் தூக்கினால் வீதி விறைத்துவிடும் என்பது வேறு. ஆகவே அதை வயிற்றின் மேல் தொங்கவிட்டபடியே, பார்வையைக் கடைப் பலகையில் வைத்துக்கொண்டு, விரலால் தடவிப் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு நடந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. திருட்டுத்தனம்தான். ஆனால் அதில் ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் எல்லாம் வயிறு. சாரத்து முடிச்சு, தொப்பை, ஹேண்ட்பேக், அரைப் பலாப்பழம், ஒரு முழங்கை, மறுபடியும் தொப்பை. ஒரு படத்திலும் தலை இல்லை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று தோள் குலுங்கியது.

"ஏன்டி, இந்த ஊர்ல கழுத்துக்கு மேல ஒருத்தருக்கும் ஒன்னும் இல்லையா?"

சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. முறைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மறுநாளிலிருந்து தினமும் போனேன். கேமராவின் பின்பக்கத் திரையை மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்றார். குனிந்து கைப்பையைத் தேடுகிறவள்போல் ஒரு பார்வை பார்த்தால் போதும். இரண்டு கை தூரத்துக்குக் குவியத்தைப் பூட்டி வைத்துவிடு, ஆள் அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திரு என்றார். லென்ஸ் முனையைக் கொஞ்சம் மேலே சாய்க்கச் சொன்னார். நான் சாய்க்காமலே எடுத்துக்கொண்டு வந்து சண்டை போடுவேன். சில நாள் என் கட்சி ஜெயித்ததும் உண்டு.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த கடைவீதியே அது இல்லை. நிற்கிறவர்கள் பாதியாகப் போய்விடுகிறார்கள். சாக்கு விரித்து உட்கார்ந்து வல்லாரையும் தேசிக்காயும் விற்கிறவர்களும் பிள்ளைகளும்தான் முழு ஆட்களாக இருக்கிறார்கள். வாழைக்குலைகள் தலைக்கு மேலே வானத்தில் தொங்குகின்றன. மீன் மேசைக்குக் கீழே ஒரு பூனைக் குடும்பம் குடியிருப்பதை இத்தனை வருடமாக நான் பார்த்ததே இல்லை. தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு பெண் செருப்பு அளவு பார்க்கிறாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பக்கத்தில் போகிற முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்திருக்கிறாள். அந்த ஆளும் நின்று கொடுக்கிறார். இந்தப் படத்தை என் கணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பிடிபட்டேன். வெற்றிலை விற்கிற சிங்கள அம்மா ஒருவர், "நங்கி, வயித்துல என்ன அது, டிக் டிக்குன்னு சத்தம் போடுது?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். அம்மா தன் பாதத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். காலில் சேறாக இருக்கிறது, இதை அழித்துவிடு, கால் கழுவிக்கொண்டு வருகிற நாளில் எடு என்றார். அவர் கண்ணெதிரே அழித்தேன். அன்றிலிருந்து, யார் கேட்டாலும் காட்டுவது, வேண்டாம் என்றால் அழிப்பது என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நான் ஒரு படத்தையும் அழித்ததில்லை. முதல் நாள் எடுத்த தொப்பைகளைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கவனிச்சியா? ஒருத்தரும் பார்க்கல" என்றார்.

"எதை?"

"கேமராவை. இத்தனை படத்துல ஒருத்தர் ரெண்டு பேரைத் தவிர யாரும் கீழ பார்க்கல. இந்த உயரத்துல ஒருத்தன் இருந்தா ஊருக்குத் தெரியாதுபோல."

அவர் நினைப்பு எங்கே போகிறது என்று எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கண் இருக்கிற உயரமும் என் இடுப்பு உயரமும் ஒன்றுதான்.

"ஆமா, யாருக்கு அதுக்கெல்லாம் நேரம்? அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு" என்றேன், கண் இமைக்காமல்.

மறுநாள் படம் எடுத்து முடித்ததும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது நேராகக் கேமராவைப் பார்க்கிற படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தேன். உண்மை என்னவென்றால், வெற்றிலை அம்மா ஊருக்கே சொல்லிவிட்டாரோ என்னவோ, இப்போது பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். உட்கார்ந்து விற்கிறவர்கள் பார்த்தார்கள். கருவாட்டுக் கடை முதலாளி ஒவ்வொரு முறையும் பார்த்தார். அழித்ததில் சில, நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள். ஒரு சின்னப் பெண், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஐஸ் பக்கட்டைச் சப்பியபடி, லென்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது, ஏழாவது படத்திலேயே அப்படி ஒன்று நமக்கு அமைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஆயிரத்தில் ஒன்று. பொத்தானை அழுத்தும்போது விரல் நின்றது. பிறகு அழுத்திவிட்டேன்.

இப்படியே ஆறு வாரம். தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் கண்களை அழித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அவர் பார்ப்பார், விமர்சனம் செய்வார், சிரிப்பார். பொய்தான். ஆனால் அந்த முழங்காலுக்காக நான் இன்னும் பெரிய பொய்யும் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது முகாம் வருகிறது என்று தகவல் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே, "போவோம்" என்றார்.

அன்று காலை சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை. கால்சட்டையின் வலப்பக்கத்தை மடித்து நான் ஊசி குத்தினேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். சந்து முடிந்து கடைவீதிக்குத் திரும்பினோம்.

எல்லோரும் பார்த்தார்கள்.

மூடிமறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. த்ரீவீலர் தரிப்பிடத்தில் கேரம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்புள்ளை பஸ் மெதுவாகப் போனது, ஜன்னலுக்கு ஜன்னல் தலை திரும்பியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். நான் கேமராவோடு போனபோது இப்படி எல்லோரும் பார்க்காததற்குக் காரணம், அது ஒரு டீச்சரின் வயிற்றில் தொங்கியது. இவரோ அவர்களுடைய கல்யாணத்துக்கெல்லாம் வந்த மனுஷன். இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு எப்படி விளங்காமல் போனது? ஒரு பெண் வாய்விட்டே, "ஐயோ பாவம், காலைப் பாருங்களேன்" என்றாள்.

"பார்த்தாச்சுல்ல? போங்க!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் ஒதுங்கினாள். பின்னாலிருந்து எனக்கு அவர் முகம் தெரியவில்லை, கழுத்து சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"திரும்பிடலாமா?" என்று காதருகே கேட்டேன்.

"நேரா போ."

கருவாட்டுக் கடைக்கு முன்னால் முதலாளி வீதியில் இறங்கி வழியை மறித்துக்கொண்டார். இவரும் முகம் சுளித்து ஏதாவது பாவம் பார்க்கப் போகிறாரென்று நான் வாயைத் தயார் செய்துகொண்டேன்.

"நானும் எத்தனை மாசமா தேடுறேன், எங்க ஒளிச்சீங்க?" என்றார் அவர் இவரிடம். "எங்கட மகள்ட கல்யாண ஆல்பத்துல மருமகன் கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற படத்தை மாத்தித் தாரேன்னு சொன்னீங்க தானே? மகள் இப்பவும் ஏசுறா."

"உங்க மருமகன் அன்னைக்குக் கண்ணைத் திறந்தாத்தானே முதலாளி?" என்றார் என் கணவர். "முன்னூறு படம் எடுத்தேன். ஒன்னுலயும் முழிக்கல."

"அது சரிதான்" என்று முதலாளி ஒப்புக்கொண்டார். "வீட்டுலயும் அப்படித்தான்." பிறகு என்னைத் தள்ளச் சொல்லாமல், பள்ளத்தில் மாட்டியிருந்த முன்சக்கரத்தைத் தானே தூக்கி வைத்துவிட்டு, "பின்நேரம் வாங்க, கதைக்கணும்" என்று கடைக்குள் போனார். அவ்வளவுதான். மிச்ச வீதியும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு நம்பர் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வில்கமுவ பக்கத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்தவர்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அடக்க முடியவில்லை.

"நான் உங்களை ஏமாத்திட்டேங்க" என்றேன். "ஆளுங்க கேமராவைப் பார்க்கிற படத்தையெல்லாம் வர்ற வழியில அழிச்சுட்டேன். யாரும் பார்க்கலன்னு நீங்க நம்பணும்னுதான். நம்பி வந்தீங்க, இப்ப ஊரே பார்த்துருச்சு. என்னை மன்னிச்சிருங்க."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"படத்துக்கெல்லாம் கேமரா நம்பர் போடும். முதல் நாளே நாப்பத்திரெண்டுக்கு அப்புறம் நாப்பத்தொன்பது வந்துச்சு. நடுவுல ஆறு எங்க போச்சு? தொப்பையையே அழிக்காத ஆளு நீ."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு அழிஞ்ச படத்தை கார்டுல இருந்து திருப்பி எடுக்கத் தெரியாதா? எத்தனை தடவ எடுத்திருப்பேன். நீ மொண்டிசோரிக்குப் போனதும் எடுத்துப் பார்ப்பேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒவ்வொரு மூஞ்சியா, பெரிசாக்கி. தினமும் அவங்க முன்னாடி உட்கார்ந்திருந்தேன். மொதல்ல ரெண்டு நிமிஷம்கூட முடியல. கருவாட்டுக் கடைக்காரர் பார்க்கறப்ப லேப்டாப்பை மூடிருவேன்." கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் அந்த ஐஸ் பக்கட் பிள்ளையோட காலைப்பொழுதெல்லாம் இருந்தேன். பழகணும்ல."

ஆறு வாரம் நான் பெஞ்சில் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன், இவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் என்னை நடிக்க விட்டு வேடிக்கை பார்த்தாரே என்று அவர் தொடையில் ஓங்கி ஒன்று போட்டேன். அதே கையால் கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது. வில்கமுவக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

நம்பர் வந்தது. அளவெடுக்கிறவர் சிங்களவர், இளம் வயது, தமிழைக் கவனமாகப் பேசினார். கட்டிலில் படுக்கவைத்து முழங்காலைப் பிடித்து மெல்ல நீட்டினார். கொஞ்சம் இறுகியிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கால் நீண்டது.

"பரவாயில்ல அம்மா. சரியான நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் கொஞ்ச மாசம் போயிருந்தா கஷ்டம்." பிறகு இவரிடம், "ஐயா, கட்டில் பக்கத்துல இருக்கிற இந்தக் கம்பி ரெண்டையும் பிடிச்சு எழும்புங்க. உயரம் பார்க்கணும்" என்றார்.

நான் பிடிக்கப் போனேன். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டு கம்பிகளையும் பற்றி, பல்லைக் கடித்து, ஒற்றைக் காலில் ஊன்றி எழும்பினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஆனால் நின்றார். எட்டு மாதமாகச் சோறு போடவும் சண்டை போடவும் சவரம் செய்யவும் நான் குனிந்தே பார்த்துப் பழகிய முகம் அது. நான் வழக்கம்போல் குனிந்து பார்த்த இடத்தில் அது இல்லை. எனக்கு நேரே இப்போது அவருடைய சட்டைப் பொத்தான்தான் இருந்தது.

"இங்க இருக்கேன்" என்றார், மேலேயிருந்து.

நான் அண்ணாந்து பார்த்தேன்.